கணக்குப் பார்ப்பது அவிசுவாசமா?



சில வருஷங்களுக்கு முன் ஒரு உபவாச ஜெபத்தில் நான் எழுந்து நின்று சாட்சி சொன்னது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். "என் மகள் படிக்கக் கர்த்தர் வாசலைத் திறந்தார்" என்றேன். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். அந்தச் சாட்சியில் நான் சொல்லாமல் விட்டதை இன்று எழுதுகிறேன்.

நான் சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறவன். மகள் பிளஸ் டூ முடித்ததும், ஒரு தனியார் நிறுவனத்தில் இரண்டு வருஷ லேப் டெக்னீசியன் படிப்பில் சேர்த்தேன். கட்டணம் 1,60,000 ரூபாய். கல்விக் கடனுக்கு வங்கியில் கேட்டபோது, "அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். அதை எச்சரிப்பு என்று எடுத்திருக்க வேண்டும். நானோ அதைச் சோதனை என்று எடுத்துக்கொண்டேன். மனைவியின் நகையை அடகு வைத்து 60,000, வெளியில் மூணு ரூபாய் வட்டிக்கு 1,00,000 வாங்கினேன்.

அப்போது சபை மூப்பர் ஒருவர், "தம்பி, படிச்சு முடிச்சா சம்பளம் எவ்வளவு வரும்?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விசுவாசத்துல நிக்கிறவன்கிட்ட கணக்கு கேக்காதீங்க அண்ணாச்சி" என்றேன்.

படிப்பு முடிந்தது. திருநெல்வேலியில் வேலையும் கிடைத்தது. சம்பளம் 9,000. விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் 5,000 போக, மாதம் 4,000 அனுப்பினாள். வெளிக்கடன் வட்டி 3,000, நகை வட்டி 600. மீதி 400. ஒரு வருஷம் முழுக்கக் கட்டியும் அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

ஒரு நாள் அவளைப் பார்க்கப் போனேன். மெலிந்திருந்தாள். "ராத்திரி என்னட்டி சாப்பிடுத?" என்றேன். "பிஸ்கட் போதும்ப்பா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "யப்பா, சேக்குறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா? ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்திருப்பேன்" என்றாள். கணக்கில் நல்ல மார்க் வாங்கினவள் அவள்.

அன்பானவர்களே, கடன் வாங்கிப் படிக்க வைப்பது பாவமா? இல்லை என்றே சொல்லுவேன். கடனே வேண்டாம் என்றால் நம்மில் அநேகருடைய பிள்ளைகள் தறியையும் பூக்கட்டுவதையும் விட்டு வெளியே வர முடியாது. படிப்பைச் சம்பளத்தால் மட்டும் அளக்கவும் கூடாது. வியாதியைக் கண்டுபிடிக்க இரத்தம் எடுக்கிற கை மேன்மையான கை. ஆனால் அந்த மேன்மையைச் சொல்லி அவள் பசியை நான் மூடலாமா?

கோபுரம் கட்டப்போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவரே சொன்னார். எலிசாவிடம் வந்த விதவையை நினைத்துப் பாருங்கள். கடன்பட்டது புருஷன், கடன் கொடுத்தவன் பிடிக்க வந்ததோ பிள்ளைகளை. தகப்பன் போடும் கையெழுத்து பிள்ளையின் கழுத்தில் நுகமாகிறது. ஆகவே சுமக்கப்போகிறவருக்குக் கணக்குப் பார்க்கும் இடத்தில் ஒரு பாய் போட்டுக் கொடுக்க வேண்டும். நான் போடவில்லை. உண்மையைச் சொன்னால், அந்தச் சாட்சியில் என் மகளைவிட என் பெருமைதான் அதிகம் இருந்தது.

நான் தாமதமாய்க் கற்றுக்கொண்டதைச் சொல்லுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இரண்டு வருஷ லேப் டெக்னீசியன் டிப்ளமோ உண்டு. பிளஸ் டூ மார்க்கைப் பார்த்து இடம் கொடுக்கிறார்கள், கட்டணமும் மிகக் குறைவு. முதலில் அங்கே விண்ணப்பியுங்கள். வங்கிகளின் கல்விக் கடன் திட்டம் 2001லிருந்து இருக்கிறது. 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. பெற்றோரும் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்ட அவகாசம் உண்டு. ஆனால் அந்த நாட்களிலும் வட்டி ஏறும். மூணு ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 36 சதவீதம். வங்கி வட்டி ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். கந்துவட்டியைத் தடுக்க 2003ல் சட்டம் வந்தது. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை நாம் மறக்கக்கூடாது.

நிறுவனத்தார் சொல்லும் சம்பளத்தை நம்பாதிருங்கள். அங்கே படித்து இரண்டு வருஷமாய் வேலை செய்கிற பிள்ளைகளைத் தேடிப்போய், கையில் என்ன வருகிறது என்று கேளுங்கள். அதில் தங்கும் செலவைக் கழித்து, தவணையையும் கழியுங்கள். மிச்சம் இல்லாவிட்டால் அந்த வாசல் நமக்குத் திறந்த வாசல் அல்ல.

நாங்கள் நகையை விற்று அடகுக் கடனைத் தீர்த்து, மீதியை வெளிக்கடனில் கட்டினோம். இன்னும் 60,000 இருக்கிறது. அதை என் கூலியிலிருந்து நான்தான் கட்டுகிறேன். முடிவு என்னுடையது, கடனும் என்னுடையது. "உன் சம்பளத்தில் நீ சாப்பிடு தாயி" என்று சொல்லிவிட்டேன். மூப்பரிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இளையவன் இந்த வருஷம் பிளஸ் டூ. போன ஞாயிறு சாயங்காலம் நாலு பேரும் நோட்டோடு உட்கார்ந்தோம். அக்கா கணக்கு எழுதினாள், தம்பி கேள்வி கேட்டான். எழுதி முடித்த பிறகு அந்த நோட்டை நடுவில் வைத்து ஜெபம் பண்ணினோம். கணக்குப் பார்த்ததால் எங்கள் விசுவாசம் குறைந்துபோகவில்லை, பிரியமானவர்களே. பொய் மட்டும்தான் குறைந்தது.