முதலில் கேள்வி, பிறகு விளக்கம்

1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே மெழுகுவர்த்தி என்ற ஒரே பொருளை வைத்துச் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகளைத் தொடங்கினார். எரியும் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்த உடனே, மேலெழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலே சுடர் தாவிப் பற்றிக்கொள்ளும். சுடராக எரிவது ஆவியான மெழுகுதான் என்பது கண்முன்னே விளங்கிவிடும்.

ஆசிரியர்களே, இதைச் செய்து காட்டும் முன் "என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் தம் ஊகத்தை நோட்டில் எழுதட்டும். ஊகித்த பிள்ளை, அது சரியா என்று தெரியும்வரை கண்ணை எடுக்காது. அடுத்து "ஏன்?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். கேள்வி பிறந்த மனத்தில்தான் பாடம் தங்கும்.