பிடித்த கையை விடுவது எப்போது?

சைக்கிள் கற்றுக் கொடுத்தவர் எவரும் மறவாத நொடி ஒன்று உண்டு. கற்பவர் மிதிக்கிறார், கற்பிப்பவர் சீட்டைப் பிடித்தபடி பின்னால் ஓடுகிறார். "விட்டுவிடாதே!" என்று முன்னாலிருந்து ஓர் அலறல். "விடமாட்டேன், மிதி!" என்று பின்னாலிருந்து ஓர் உறுதி. அந்த உறுதி வாயிலிருந்து புறப்படும்போதே கை சீட்டை விட்டிருக்கும். பத்தடி, இருபதடி, ஐம்பதடி. வண்டி விழவில்லை, போய்க்கொண்டே இருக்கிறது. பிடித்தவர் மூச்சிரைக்க நின்று, தன்னைவிட்டு விலகிப் போகும் அந்த முதுகைப் பார்த்து மகிழ்கிறார்.

ஒருவர் தன்னைவிட்டு விலகுவது கண்டு மகிழும் உறவு உலகில் வேறெங்கு உண்டு? பண்ணையாள் விலகினால் ஆண்டை மகிழ்வாரா? பக்தன் விலகினால் மடாதிபதி மகிழ்வாரா? மகிழார்! தேவையற்றவராகிப் போவதையே தம் வெற்றியாகக் கொள்ள வேண்டியவர் ஆசிரியர் ஒருவரே.

ஆயினும் தோழர்களே, ஒரு கேள்வி எழுகிறது. "விடமாட்டேன்" என்றது பொய்தானே? மெய்யை நாடும் நாம் அந்தப் பொய்யை ஒப்பலாமா?

பொய்தான். ஆனால் அது அரை நிமிடப் பொய். ஐம்பதடி கடந்ததும், "திரும்பிப் பார், நான் இங்கே நிற்கிறேன்!" என்று கூவி, தானே தன்னை உடைத்துக்கொள்ளும் பொய். "நான் பிடித்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே விட்டுவிடுகிறார் சைக்கிள் கற்பிப்பவர். "நான் பிடிக்காவிட்டால் நீ விழுவாய்" என்று சொல்லிச் சொல்லியே விடாமலிருப்பவர்களை என்னென்பது? இந்த இரண்டாம் பொய் ஆயிரம் ஆண்டுகளாக உடையவில்லை. சாதியாகவும் சாத்திரமாகவும், வீட்டுக்குள் கணவனாகவும் தமையனாகவும் அது வாழ்கிறது.

தம்பியாகவும் வாழ்கிறது என்பதை நான் அறிந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

என் தமக்கைக்குக் கார் ஓட்டக் கற்றுக் கொடுத்தேன். பெண் விடுதலை பற்றி மேடையில் முழங்கியவன், இடப்பக்க இருக்கையில் அமர்ந்ததும் வேறு ஆளானேன். "கிளட்ச்! மெதுவாக விடு! பிரேக்! எங்கே பார்க்கிறாய்?" என்று ஓயாமல் கத்தினேன். எதிரே ஒரு லாரி வந்தால், அவர் கை அசையுமுன் என் கை ஸ்டீயரிங்கைப் பற்றிவிடும். அவர் கற்றார், தேர்வும் தந்தார், உரிமமும் பெற்றார். பெருமை எனக்கு.

ஒரு நாள் பிற்பகல் அவருடைய குழந்தைக்குக் கடுங்காய்ச்சல். நான் பள்ளியில் இருந்தேன். கார் வாசலில் நின்றது. சாவி ஆணியில் தொங்கியது. உரிமம் பெட்டிக்குள் இருந்தது. அவரோ குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் ஆட்டோவுக்குக் காத்து நின்றார். மாலையில், "ஏனக்கா, கார் இருந்ததே?" என்றேன்.

"நீ இல்லையே, தம்பி" என்றார்.

குற்றப்பத்திரிகை அது! அவர் அதைப் பாராட்டாகச் சொன்னார். அதனால்தான் அதிகம் சுட்டது. அவருக்கு நான் கற்றுக் கொடுத்தது கார் ஓட்டுவதையன்று. என் குரலுக்குக் கை கால் அசைப்பதை. சாலையைப் பார்க்க வேண்டிய அவர் கண்கள் என் முகத்தைப் பார்த்தன. எஞ்சினைக் கேட்க வேண்டிய காதுகள் என் அதட்டலைக் கேட்டன. குரல் நின்றால் வண்டியும் நின்றுவிடும். அவரை நம்பாத என் கையை அவர் நாற்பது நாள் கண்டார். தம்மையே நம்பாதிருக்க அது போதாதா?

ஜெர்மானிய மெய்யியலார் இம்மானுவேல் காண்ட், அறிவொளி என்றால் என்ன என்னும் வினாவுக்கு விடையாக 1784-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். பாதுகாவலர் என்று தம்மை அழைத்துக்கொள்வோர் மக்களை நடைவண்டிக்குள் அடைத்துவைத்து, வெளியே அடி வைத்தால் ஆபத்து என்று அச்சுறுத்துகின்றனர். அந்த ஆபத்தோ அவ்வளவு பெரிதன்று, சில முறை விழுந்தால் நடை வந்துவிடும் என்பது அவர் கருத்து. நம் வீட்டு நடைவண்டியை எண்ணிப் பாருங்கள்! குழந்தைக்கு நடை வந்ததும் அதைப் பரணில் போட்டுவிடுகிறோம். வளர்ந்த பெண்ணுக்கு மட்டும் ஆயுளெல்லாம் நடைவண்டியா?

"சாலை விளையாட்டுத் திடல் அன்று; தவறினால் பிறர் உயிரும் போகுமே" என்பர். நியாயமான மறுப்பு. பயிலாதவரைச் சாலையில் தள்ளிவிட்டு அதற்கு விடுதலை என்று பெயர் சூட்டுவது பொறுப்பின்மை. சட்டமும் அதை ஏற்கவில்லை. பழகுநர் வண்டியில் சிவப்பு எழுத்தில் 'எல்' பலகை வேண்டும். உரிமம் பெற்ற ஒருவர் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உடன் அமர வேண்டும். பயிற்சிப் பள்ளியின் காரில் ஆசிரியர் காலடியிலும் பிரேக் உண்டு. ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. பழகுநர் உரிமம் ஆறு திங்களுக்குத்தான் செல்லும். முப்பது நாள் கழிந்தாலே தேர்வுக்குப் போகலாம். பிடித்திருக்கும் கைக்கு மோட்டார் சட்டம் தவணை வைத்திருக்கிறது. மனு தருமம் வைக்கவில்லை! பெண்ணைத் தந்தையிடமிருந்து கணவனுக்கும், கணவனிடமிருந்து மகனுக்கும் கைமாற்றியதே தவிர, அவள் கையில் ஸ்டீயரிங்கைத் தந்ததில்லை.

ஆகவே, கேள்வி பிடிப்பதா விடுவதா என்பதன்று. பிடி நாளுக்கு நாள் தளர்கிறதா என்பதே. இரண்டாம் பிரேக் இருக்கட்டும். நேற்று பத்து முறை மிதித்த கால் இன்று ஐந்து முறை மிதிக்கட்டும். முதலில் கையை எடுக்க வேண்டும், பிறகு குரலை, கடைசியில் ஆளையே.

நான் மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். கட்டளையை விட்டேன், "என்ன தெரிகிறது? என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டேன். பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் மூன்று முறை அணைந்தது. வாயை இறுக மூடிக்கொண்டேன். அடுத்த வாரம் பின் இருக்கைக்குப் போனேன். அதற்கடுத்த வாரம் வாசலிலேயே நின்றேன். கார் தெருமுனையில் மறைந்தது. இருபது நிமிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! திரும்பி வந்த அக்கா, "ஏற்றத்தில் அணைந்துவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்தான். அடிக்கட்டும் என்று நிதானமாக எடுத்து வந்தேன்" என்றார். அந்த "அடிக்கட்டும்" இருக்கிறதே, அதை எந்த ஆசிரியராலும் கற்பிக்க முடியாது. ஆசிரியர் இல்லாத இடத்தில்தான் அது முளைக்கிறது.

துரோணரைப் பேராசான் என்று போற்றுகிறது பழங்கதை. கற்பிக்காத மாணவன் தானே கற்றபோது, அவன் கட்டை விரலைக் கேட்டவர் அவர்! அந்தக் கதைக்கு மறுமொழி புதுக்கோட்டை மண்ணில் எழுதப்பட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தது. வயலிலும் கல் குவாரியிலும் உழைத்த பெண்கள், ஏளனம் செய்தோர் வாய் ஓயுமளவும் ஓட்டினர். 1992 மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் நகரை வலம் வந்தனர். இதனினும் பெரிது ஒன்றுண்டு: நேற்றுக் கற்றவர் இன்று காசு வாங்காமல் அடுத்தவருக்குக் கற்பித்தார். விரலைக் கேட்கவில்லை, தம் விரல்களை அடுத்தவர் சீட்டுக்குத் தந்தனர். மறு ஆண்டு, 1993-இல், குமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார்.

வகுப்பறையில் நிற்கும்போதெல்லாம் இப்போது என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்: நான் கரும்பலகையில் எழுதிய விடையைப் பிழையின்றி ஒப்பிக்கும் மாணவன் என் வெற்றியா? "ஐயா, அந்த வரி தவறு" என்று எழுந்து நிற்கும் மாணவனா? இயக்கத் தோழர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தாம் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம், சொந்த அறிவால் ஆராய்ந்து கொள்க என்று மேடைதோறும் சொன்னவர் பெரியார். அவர் சீட்டை விட்டுவிட்டார். நாம் ஓட்டுகிறோமா, அல்லது அவர் இன்னும் பிடித்திருக்கிறார் என்ற நினைப்பில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறோமா?

உங்கள் வீட்டிலும் ஒரு சாவி ஆணியில் தொங்கும். அதை எடுக்க வேண்டிய கை யாருக்காகக் காத்திருக்கிறது என்று இன்று மாலை கேட்டுப் பாருங்கள். உங்களுக்காக என்றால், குற்றம் அந்தக் கையினுடையதன்று.