அந்நியராய் நிற்கும் வேளை

பயணம் மனிதனைப் பண்படுத்தும் என்பார்கள். ஆனால் ஊர்கள் பல கண்டும் உள்ளம் விரியாமல் திரும்பியவர்களையும் நாம் அறிவோம். அப்படியாயின், பயணத்தில் எது மனிதனைப் பண்படுத்துகிறது?

கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு ஒரு காலத்தில் அயலூர் என்றால் மலைமேல் உள்ள ஏலத்தோட்டம்தான். இன்றோ உத்தமபாளையம், இராயப்பன்பட்டி, போடி என எங்கும் பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிய குடும்பங்கள் உண்டு. மகளின் பேறுகாலத்திற்கென முதன்முறையாக விமானம் ஏறும் பெற்றோர் மதுரைக்கோ கொச்சிக்கோ புறப்படும் காட்சி நமக்குப் புதிதன்று.

அவர்களுக்கு முதல் சோதனை பெட்டி கட்டும்போதே தொடங்கிவிடுகிறது. தாய் அன்போடு அரைத்த மசாலாவில் கசகசா கலந்திருக்கும். நமக்கு அது சமையற்பொருள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதி அரேபியாவிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். ஆஸ்திரேலியாவில் இறங்குவோர் தாம் கொண்டுவரும் உணவுப்பொருள்களை எழுத்தில் அறிவித்தாக வேண்டும். மறைத்தால் தண்டம் கட்ட நேரிடும். பக்கத்து வீட்டார் கடைசி நேரத்தில் ஒரு பொட்டலத்தோடு வந்து, “அண்ணே, இதை நம்ம பையன்கிட்டச் சேர்த்துடுங்க” என்பார்கள். நம் பெட்டிக்குள் இருப்பதற்கு நாமே பொறுப்பு. பிரித்துப் பார்க்காமல் அதை வாங்கிக்கொள்வது அன்பாகாது. பிரித்துப் பார்ப்பது அவமதிப்பும் ஆகாது.

அடுத்தது உடலின் குழப்பம். நியூயார்க் நகரம் நமக்குப் பருவத்தைப் பொறுத்து ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்தங்கியது. சென்று சேர்ந்தவருக்கு நண்பகலில் கண் சொருகும், நள்ளிரவில் பசிக்கும். உடல் ஒத்துக்கொள்ள ஒரு வாரமேனும் ஆகலாம்.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுத்து ஆயத்தப்படுத்திவிடலாம். சொல்லிக்கொடுக்க இயலாதது ஒன்று உண்டு. குடியேற்ற அதிகாரியின் முன் நிற்கும் அந்தச் சில நிமிடங்களே அது. எதற்காக வந்தீர்? எங்கே தங்குவீர்? எப்போது திரும்புவீர்? இக்கேள்விகள் பயணிகள் பலரிடமும் கேட்கப்படுபவைதாம். உண்மையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். எனினும், ஊரில் பத்துப் பேருக்கு வழக்குத் தீர்த்தவர், திராட்சைத் தோட்டத்துக்கு உரியவர், பங்குப் பேரவையில் மதிப்புப் பெற்றவர், அங்கே மொழியறியாமல் கைநடுங்கக் கடவுச்சீட்டை நீட்டுகிறார். அவரது குலமும் நிலமும் பேரும் அங்கே செல்லுபடியாவதில்லை. வாழ்வில் முதன்முறையாக அவர் ஓர் அந்நியர்.

அந்த நடுக்கம் அவருக்குப் புதிது. ஆனால் நம் மண்ணுக்குப் புதிதா? விடியுமுன் பள்ளத்தாக்கிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து இடுக்கி மாவட்டத்துத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்கள், ஒவ்வொரு நாளும் அயல்மொழி நிலத்தில்தான் கால் வைக்கிறார்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணைச் சிக்கல் கொதித்தபோது, அங்கே தங்கி உழைத்த தமிழ்த் தொழிலாளர்கள் உயிருக்கு அஞ்சிக் காட்டுவழியாக ஓடிவந்தார்கள். நாம் கண்ணீர் விட்டோம். அதே நாள்களில் மலைக்கு இப்பால் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. அப்போது நம்மில் எத்தனை பேர் கண்ணீர் விட்டோம்? மலைக்கு அப்பால் பெய்யும் மழைதான் 1895ஆம் ஆண்டிலிருந்து அணையில் தேங்கி, சுரங்கவழி வந்து, நம் வயல்களுக்குப் பாய்கிறது. அந்த நீரைப் பருகியவர்களே ஒரே வாரத்தில் ஒருவருக்கொருவர் அந்நியராகிப்போனோம்.

இன்று கட்டட வேலைக்கென வடமாநில இளைஞர்கள் தோளில் ஒரு பையோடு நம் ஊர்களில் வந்து இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவர் வழி கேட்டால், புரியவில்லை என்று குரலை உயர்த்துகிறோம். களவு எங்கேனும் நடந்தால் முதல் ஐயம் அவர்மேல்தான். கணியன் பூங்குன்றனாரை மேடைதோறும் முழங்கும் நாம் வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரிடம் அவரை மறந்துவிடுகிறோம்.

யார் எவரென்று அறியாமல் கதவைத் திறந்துவிடலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விசாரிப்பது தவறன்று, விமான நிலையத்தில் நம்மையும் விசாரித்தார்கள். ஆனால் விசாரிப்பது வேறு, இழிவுபடுத்துவது வேறு. அதிகாரி முகம் பார்த்துக் கேட்டபோது நாம் அச்சம் நீங்கினோம். முகம் பாராமல் அதட்டியபோது கூனிக் குறுகினோம். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நம் உடலே அறிந்திருக்கிறது.

விடுதலைப் பயண நூலில் இறைவன் இசுரயேலரிடம், அந்நியரை ஒடுக்கவேண்டாம் என்று கட்டளையிட்டு, அதற்குக் காரணமும் கூறுகிறார். எகிப்தில் நீங்களே அந்நியராய் இருந்தீர்கள். அந்நியரின் உள்ளம் உங்களுக்குத் தெரியும் என்பதே அக்காரணம். இரக்கத்தை இறைவன் நினைவின்மேல் கட்டுகிறார். அதே எகிப்துக்குத்தான் பின்னாளில் சூசையப்பர் குழந்தையையும் தாயையும் இரவோடு இரவாக அழைத்துச் சென்றார். கடைசித் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது ஆண்டவர் தம்மையே அந்நியரின் இடத்தில் வைத்துப் பேசுகிறார்.

ஆகவே பயணத்தில் நம்மைப் பண்படுத்துவது, கண்ட காட்சிகளைவிட, ஒருவரும் நம்மை அறியாத இடத்தில் நின்ற அந்தச் சில நிமிடங்களின் நினைவே. வெளிநாடு சென்று திரும்பியவர் பெட்டியைத் திறந்து சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் பங்கிடுவது வழக்கம். அடுத்த நாள் அவர் தேனிப் பேருந்து நிலையத்துக்குச் செல்லட்டும். அங்கே மொழி தெரியாமல் பையோடு நிற்கும் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருடைய பேருந்து எதுவென்று கைகாட்டிவிட்டு வரட்டும்.