ஆகுமானதும் அமானத்தும்

கடற்பசுவும் முதலையும் நீரில் வாழ்ந்தாலும் மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டியவை. ஒற்றுமை பெரும்பாலும் அவ்வளவுதான். மன்னார் வளைகுடாவிலும் பாக்கு நீரிணையிலும் கடற்புல் மேய்ந்து திரியும் கடற்பசு ஒரு பாலூட்டி. எவருக்கும் தீங்கு செய்வதில்லை. வில்பத்துக் குளங்களில் கிடக்கும் முதலை ஊனுண்ணும் ஊர்வன. ஒன்றைச் சாது என்கிறோம், மற்றதைக் கொடியது என்கிறோம். அந்தக் கொடியதுதான் குஞ்சுகளை வாயில் ஏந்தி நீருக்குக் கொண்டு போகிறது.

நம் நாட்டு முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, கடலிலேயே வாழ்பவை உண்ண ஆகுமானவை, முதலை ஆகாது. ஹனபி மத்ஹபிலோ மீன் தவிர்ந்த நீர்ப்பிராணிகள் ஆகா. சாதுவுக்குக் காவலில்லை, கொடியதற்கு உண்டு என்று இதைப் படிப்பது தவறு என்பேன். சட்டம் உண்பவனைப் பற்றிப் பேசுகிறது. ஆகுமானதை எந்த அளவில் எடுப்பது என்பது நம் மனச்சாட்சிக்கு விடப்பட்டது.

அந்த அளவுதான் இங்கே பிரச்சினை. முதலை ஒரு பருவத்தில் பல முட்டைகள் இடும். கடற்பசு மூன்று முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒரு தடவை, ஒரேயொரு கன்றை ஈனும். இலங்கையில் 1970 முதல் அதைப் பிடிப்பது சட்டவிரோதம். தமிழ்நாடு 2022-இல் பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. ஆனாலும் வேறு மீனுக்கு விரித்த வலையில் சிக்கி, மேலே வர முடியாமல் மூச்சுத் திணறி அது சாகிறது.

வலை விரித்தவருக்குக் கொல்லும் நிய்யத் இல்லை. ஹட்டன் கடைத்தெருவில் மன்னார்க் கருவாடு வாங்கும் எனக்கும் இல்லை. அறியாதவரை அது போதும். அறிந்த பின்னர் போதாது. அறிவு வந்ததும் அந்த உயிர் நம்மிடம் அமானத்தாகிவிடுகிறது.

பாரத்தை மன்னார் மீனவர் தலையில் மட்டும் ஏற்றுவதும் நியாயமல்ல. கடற்புல் வெளிகளில் வலை போடாதே என்றால் அவருக்கு வருமானம் குறையும், கருவாட்டு விலை ஏறும். தோட்டத்து லயத்தில் கருவாடுதான் பல நாள் கறி. ஆகவே அந்த நட்டத்தை வசதியுள்ள நாமும் அரசும் பகிர வேண்டும். முதலையிடம் இதைக் கேட்க முடியாது, கடற்பசுவிடமும் முடியாது. கேள்விக்குரியவர் நாம் மட்டுமே.