பழநெய்யைச் சுவைத்தது யார்?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம் திருமுக்கூடல். அங்குள்ள வெங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. வேதக் கல்விச்சாலையோடு சேர்ந்து நடந்த ஆதுலர் சாலையையும், அதன் 15 படுக்கைகளையும், இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளையும் அது கணக்காகச் சொல்கிறது. பட்டியலில் கடுக்காய் சேர்ந்த மருந்துகள் பல. பழநெய்யும் உண்டு.

பழநெய் என்பது வேண்டுமென்றே ஆண்டுக்கணக்கில் வைத்துப் பழக்கிய நெய். பத்தாண்டு கடந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும் என்பது ஆயுர்வேத மரபு. அதற்குள் மணம் கடுமையாகிவிடும். அடுப்படியில் அப்படியொரு வாடை வந்தால் கீழே கொட்டிவிடுவோம். மருந்தறையில் அதே வாடைதான் தகுதி. கெட்டது எது, முதிர்ந்தது எது என்று பிரித்தறிய ஒரு மூக்கும் நாக்கும் வேண்டும். அவை யாருடையவை?

இத்தாலியின் பரோலோ ஒயினைப் பற்றி இதைக் கேட்டால் உடனே பதில் வரும். நெபியோலோ என்ற திராட்சையில் செய்யும் இந்தச் சிவப்பு ஒயினைக் குறைந்தது 38 மாதம் முதிரவைத்த பிறகே விற்கலாம் என்பது அங்கே சட்டம். இளம் பரோலோ நாக்கைக் கவ்விப் பிடிக்கும். கடுக்காயைக் கடித்தவர்களுக்கு அந்தத் துவர்ப்பு புதிதல்ல. இரண்டிலும் இருப்பது டானின். வருடம் போகப்போகத் துவர்ப்பு தணியும், நிறம் செங்கல் சாயலுக்குத் திரும்பும், உலர்ந்த ரோஜாவின் வாசம் எழும். விளைந்த ஆண்டும் சேர்த்துப் பேசப்படும்: 2002இல் ஆலங்கட்டி மழை தோட்டங்களை அடித்துப்போட்டது, 2010 கொண்டாடப்பட்டது. சுவைத்துச் சொன்னவரின் பெயர் அச்சில் வரும். அவர் போட்ட மதிப்பெண்ணை ஒட்டி விலை ஏறும், இறங்கும்.

டேவிட் ஹியூம் 1757இல் சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய கட்டுரையில், டான் கிஹோத்தே நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்துச் சொல்கிறார். ஒரு பீப்பாய் ஒயினை இருவர் சுவைக்கிறார்கள். நல்ல ஒயின், ஆனால் தோல் வாடை என்கிறார் ஒருவர். இரும்பு ருசி என்கிறார் மற்றவர். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி ஒன்று கிடக்கிறது. நுண்சுவை வெறும் மனமயக்கமில்லை என்பதற்கு ஹியூம் இதைச் சான்றாக்கினார். எனக்கோ கதையின் தொடக்கமே முக்கியமாகப் படுகிறது. அந்த இருவரிடமும் கருத்துக் கேட்டார்கள்.

நம் வீடுகளில் பழம்புளியின் வயதையும் பழைய அரிசியின் பக்குவத்தையும் ஆவக்காய் எத்தனை மழைக்குத் தாங்கும் என்பதையும் சொல்லும் பெண்ணுக்கு நாம் வைத்திருக்கும் சொல் கைப்பக்குவம். பாராட்டுத்தான். ஆனால் அறிவைத் தலையிலிருந்து இறக்கிக் கையில் வைத்துவிடுகிறது. போதாததற்கு, படைக்கும் முன் வாய் வைக்கக்கூடாது என்ற விதி. மாதத்தில் சில நாள் ஊறுகாய் ஜாடியைத் தொடவும் தடை. நாக்கைக் கட்டிப்போட்ட பிறகும் மணத்தையும் நுரையையும் கொதிக்கும் ஓசையையும் கொண்டு அவள் பதம் கற்றாள். சொல்பவர் யார் என்று பார்த்து நம்பிக்கையைக் குறைப்பதும் ஓர் அநீதிதான் என்று மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதினார். அடுப்படியில் அந்த அநீதி பாராட்டின் குரலிலேயே பேசும்.

கல்வெட்டில் வைத்தியர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டனுக்குப் பெயர் இருக்கிறது. 90 கலம் நெல்லும் 8 காசும் இருக்கிறது. நோயாளிகளைக் கவனித்த பெண்கள் இருவர். இருவருக்கும் சேர்த்து 30 கலம், 1 காசு. பெயரில்லை. அறுவை செய்பவருக்கும் நாவிதருக்கும்கூடப் பெயரில்லை என்பதையும் சொல்லவேண்டும். பெயரை மறுத்தது பால் மட்டுமல்ல.

இதற்குப் பரிகாரமாக ஒவ்வொரு பாட்டிக்கும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து போடச் சொல்லவில்லை. ஒயின் உலகின் மதிப்பெண்கள் சுவையைவிடச் சந்தைக்கே அதிகம் உழைக்கின்றன. நான் கேட்பது இன்னும் சிறியது. பத்தாண்டுப் பானையைத் திறந்த ஒரு காலையில், அந்த இருவரில் ஒருத்தி முகர்ந்துவிட்டு, "இது முதிரவில்லை ஐயா, கெட்டுப்போயிருக்கு" என்று சொல்லியிருந்தால், பட்டர் கரண்டியைக் கீழே வைத்திருப்பாரா?