எட்டாம் வகுப்பில் கதகளி

கேரளத்தில் பாரதப்புழைக் கரையிலுள்ள செறுதுருத்தியில், கதகளி மாணவருக்கு விடியுமுன்பே வகுப்பு தொடங்கிவிடும். கவிஞர் வள்ளத்தோள் நாராயண மேனனும் மணக்குளம் முகுந்த ராஜாவும் 1930இல் நிறுவிய கேரள கலாமண்டலம் எட்டாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. கலையும் பள்ளிப் பாடமும் அங்கே சேர்ந்தே நடக்கும். 13 வயதுப் பிள்ளையால் தன் வாழ்நாளுக்கான தொழிலைத் தேர்ந்துகொள்ள முடியுமா?

பிள்ளை வளர்ந்து முடிவெடுக்கும்வரை கலை காத்திருக்காது என்பதுதான் சிக்கல். கதகளி நடிகர் பாதத்தின் வெளிவிளிம்பில் ஊன்றி, முழங்காலை அகல மடக்கி, இரவு முழுக்க ஆட வேண்டும். இடுப்பும் மூட்டும் அதற்கு வளைந்துகொடுக்கும் பருவம் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் மழைக்காலத்தில் உழிச்சில்: மாணவர் எண்ணெய் பூசித் தரையில் படுக்க, ஆசான் தம் பாதத்தால் அழுத்தி உருவிவிடுவார். கண்ணில் நெய் விட்டு, தலை அசையாமல் விழியை மட்டும் சுழற்றும் சாதகம் தனி. செண்டை கற்பவர் கையில் முதலில் செண்டையைத் தரமாட்டார்கள். கல்லிலோ மரக்கட்டையிலோ புளியங்கோலால் தட்டித்தான் கை பழக வேண்டும். விளையாட்டுக்கும் சோம்பலுக்கும் உரிய வயதில் இது பெரிய விலை.

அந்த விலையைக் கொடுத்த எல்லாருமே நளனாகவோ அர்ச்சுனனாகவோ பெயர் எடுப்பதில்லை. ஆனால் பாடகர், செண்டை, மத்தளம், ஒப்பனை செய்யும் சுட்டிக்காரர் இல்லாமல் கதகளி இல்லை. மல்லாந்து படுத்திருக்கும் நடிகரின் தாடையோரம் அரிசிமாவும் சுண்ணாம்பும் குழைத்த பசையைப் படிப்படியாக ஏற்றுவது தனிக் கலை. கலாமண்டலத்தில் அதற்கும் முறையான பயிற்சி உண்டு. அப்படியும் மனம் மாறும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்காகவேனும் கணக்கையும் அறிவியலையும் ஒப்புக்கு நடத்தக் கூடாது. அதிகாலையிலேயே எழுந்து ஆடிக் களைத்த பிள்ளைக்கு அந்த வகுப்பில் கண் சொக்கும் என்பது உண்மைதான். வேறு வழியில் போக நினைப்பவருக்குக் கைகொடுப்பதும் அந்த வகுப்புதான்.

தேர்வு செய்யும் வாய்ப்பே நெடுங்காலம் எல்லாருக்கும் இருக்கவில்லை. இஸ்லாமியக் குடும்பத்தில் பிறந்த கலாமண்டலம் ஹைதரலி அங்கே கதகளிப் பாட்டு பயின்று பெரும் பாடகரானார். ஆனாலும் பல கோயில்களின் மதிலுக்குள் அவர் பாட முடியவில்லை. கலாமண்டலத்தில் கதகளி வேடம் பயில மாணவியரைச் சேர்ப்பது 2021இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு கதகளி ஆட விரும்பிய பெண்கள் தனியே ஆசானைத் தேடித்தான் கற்றார்கள். இன்று எட்டாம் வகுப்பு மாணவியும் அங்குள்ள பயிற்சிக் களரியில் பயிலலாம்.