கொல்லும் நெறி

பாண்டு மன்னன் கானகத்தில் மானை எய்த கதையை நாம் அனைவரும் அறிவோம். பிணையோடு கூடியிருந்த கலைமானின் உருவில் இருந்தவர் கிந்தமர் என்னும் முனிவர். அம்பு பட்டு வீழ்ந்த அவர் இட்ட சாபம் பாரதக் கதையின் போக்கையே மாற்றியது. பிள்ளைப் பருவத்தில் இதைக் கேட்டபோது சாபத்தின் கடுமைதான் நம் நெஞ்சில் நின்றது. நாற்பதைக் கடந்து, வியாச பாரதத்தின் மொழிபெயர்ப்பைக் கையிலெடுத்தபோதுதான் முனிவரின் வழக்கு இன்னதென்று விளங்கிற்று. மானை வேட்டையாடுதல் அரசர்க்கு உரியது என்று பாண்டு வாதிடுகிறான். முனிவர் அதை மறுத்தாரில்லை. மானைக் கொன்றதற்காக அவனைப் பழிக்கவுமில்லை. கூடல் முடியும் வரையில் காத்திராததே அவர் காட்டும் குற்றம்.

கொலை பிழையன்று, கொன்ற வேளையே பிழை! விதிகளோடும் உட்பிரிவுகளோடும் பகற்பொழுதைக் கழிக்கும் நம்போன்ற எழுத்தர்க்கு இவ்வாதம் மிகவும் பழக்கமானதாகத் தோன்றுகிறது. ஆயினும் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. உயிரை எடுப்பதற்கு இசைவளித்துவிட்டு, எடுக்கும் முறைக்கு மட்டும் நெறி வகுப்பது அறமாகுமா? அல்லது கொல்பவன் தன் மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்தானா?

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை அதன் முதல் வடிவில் படித்தவர்க்கு இவ்வினா இன்னும் கூர்மையாகும். அன்று வேட்டை முற்றிலும் தடுக்கப்படவில்லை. உரிமம் பெற்றுப் புள்ளிமானையும் கடமானையும் சுடலாம். ஆனால் எத்தனை நிபந்தனைகள்! சிறப்பு அனுமதியின்றிப் பெண்விலங்கையும் குட்டியையும் சுடலாகாது. கொம்பு முற்றாமல் மென்தோல் போர்த்திருக்கும் மானையும் சுடலாகாது. மூடுகாலம் என்று அறிவிக்கப்பட்ட நாள்களில் துப்பாக்கியைத் தூக்கலாகாது. ஞாயிறு மறைந்த பின்னும், ஊர்தியில் அமர்ந்தும், நாய்களை ஏவியும், காட்டுக்குத் தீயிட்டும் மானை வேட்டையாடலாகாது. நீர்த்துறையிலும் உப்பு நக்கும் இடத்திலும், அங்குச் செல்லும் வழியிலுங்கூட ஆகாது. பெருவிலங்கை ரைபிளால்தான் சுடவேண்டும். சிறு துப்பாக்கியாயின் தனி அனுமதியும் ஒற்றைக் குண்டும் வேண்டும். சிதறிப் பாயும் ஈயச் சிறுகுண்டுகள் மானை உடனே கொல்லா. குற்றுயிராய்ப் புதருக்குள் ஓடச்செய்யும். (ஓரம்பால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்தியதாகப் புறநானூறு போற்றும் வல்வில் ஓரி இச்சட்டத்தின்முன் நின்றிருந்தால், படைக்கலம் ஒன்றுக்காகவே உரிமத்தை இழந்திருப்பான்.)

இவ்விதிகளுள் சில வேட்டைக்காரரின் தன்னலத்தில் பிறந்தவை என்பதை மறைப்பதற்கில்லை. அடுத்த ஆண்டும் சுடுவதற்கு மான் வேண்டும். ஆகவே இவ்வாண்டு பிணை பிழைக்க வேண்டும். மென்தோல் போர்த்த கொம்பு சுவரில் மாட்டுவதற்கும் உதவாது. நீர்த்துறை விதியும் ஒரே நாளில் பலவற்றைக் கொன்று குவிப்பதைத் தடுப்பதுதான். ஆயினும் தாகத்தால் வந்த உயிரை அத்தாகத்தைக் கொண்டே வீழ்த்தலாகாது என்னும் உணர்வும் அதில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

அவ்வுணர்வு பழமையானது. தில்லியில் நம் அலுவலகத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், பிரோஸ் ஷா கோட்லாவில், தோப்ராவிலிருந்து கொண்டுவரப்பட்ட அசோகர் தூண் நிற்கிறது. முடிசூடிய 26ஆம் ஆண்டில் அவர் இட்ட ஆணையொன்று அதில் உண்டு. சினையாயினும் பால் கொடுப்பதாயினும் ஆடும் பன்றியும் கொல்லப்படலாகா. ஆறு திங்கள் நிரம்பாத குட்டிகளும் அவ்வாறே. உயிர்களைக் கொல்வதற்காகக் காட்டைக் கொளுத்தலாகாது. குறித்த சில நாள்களில் மீனும் பிடிக்கலாகாது. ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்குப் பின் நம் நாடாளுமன்றம் எழுதியதில் பாதி அங்கேயே இருக்கிறது! அவருடைய முதற் பாறைக் கல்வெட்டு இன்னும் வியப்புக்குரியது. அரண்மனை அடுக்களைக்கு நாள்தோறும் இரண்டு மயிலும் ஒரு மானும் மட்டுமே கொல்லப்படுகின்றன, மானும் எந்நாளும் அன்று, இனி இவையும் நிறுத்தப்படும் என்று அதில் அறிவிக்கிறார். தம் கலத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் மானை ஒரு பேரரசர் மறைக்காமல் ஒப்புக்கொள்வதை அங்குக் காண்கிறோம்.

நம் குடியிருப்பில் முதியவர் ஒருவர் உள்ளார். வயது எண்பத்தைந்துக்கு மேல். பணியின்பொருட்டு மத்தியப் பிரதேசத்தில் இருந்த நாளில், 1960களின் இறுதியில், முறையாக அனுமதிச் சீட்டுப் பெற்று ஒரு புள்ளிமானைச் சுட்டவர். அச்சீட்டை நமக்குக் காட்டினார். பின்புறத்தில் நிபந்தனைகள் அச்சிடப்பட்டிருந்தன.

“ஒரு விதியையும் நான் மீறவில்லை, தம்பி. தண்ணீருக்கு வந்தது. குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கரையேறித் தொலைவு போகும் வரைக்கும் காத்திருந்தேன். ஆண்தான் என்று பார்த்துக்கொண்டேன். ஒரே குண்டு. போய்ப் பார்க்கிறேன், வாயில் ஈரம் காயவில்லை.”

சற்றுப் பொறுத்து மீண்டும் சொன்னார்: “ஏதாவது ஒரு விதியை மீறியிருந்தால் அபராதம் கட்டியிருப்பேன். அதோடு போயிருக்கும்.”

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. இவருக்கு ஆறுதல் அளித்திருக்க வேண்டிய விதியே ஆறுதலைப் பறித்துக்கொண்டது. காத்திருக்கச் சொன்ன நேரமெல்லாம் அவர் அம்மானைப் பார்த்துக்கொண்டிருந்தார் அல்லவா? கண்டவுடன் சுட்டிருந்தால் இத்தனை ஆண்டு நினைவிருந்திருக்குமோ என்னவோ.

1991ஆம் ஆண்டின் திருத்தத்தால் வேட்டை உரிமம் என்பதே ஒழிந்தது. மனிதவுயிருக்குக் கேடு விளைத்தல், தீராத நோய் போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே அதிகாரி அனுமதிக்கலாம். சிக்கல் தீர்ந்ததென்று எண்ணலாம், ஆனால் தீரவில்லை. குட்டியைக் கொல்லலாகாது என்ற பழைய விதியில், தொல்லை விலங்கு நீங்கலாக என்றொரு சொற்றொடர் இருந்தது. 2015இல் பீகாரின் சில மாவட்டங்களில் நீலான் ஓராண்டுக்கு அவ்வாறு அறிவிக்கப்பட்டது. உழவர் இழப்பு மெய்யானது. விளைந்த வயலை ஓரிரவில் பறிகொடுத்தவரிடம் நாம் அறம் பேசத் துணியோம். ஆனால் தொல்லை என்று பெயரிட்ட அளவிலேயே பிணை, குட்டி, காலம் என்ற கணக்கெல்லாம் ஒருங்கே உதிர்ந்துவிடுவது ஏன்? கொல்லவேண்டிய தேவை மிகுந்த இடத்திலன்றோ கொல்லும் முறையைப் பற்றிய அக்கறையும் மிகவேண்டும்?

இதை அம்முதியவரிடம் சொன்னோம். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சீட்டை நான்காக மடித்து நம் கையில் வைத்தார். “நீங்கள் ஆபீஸில் கோப்பு பார்க்கிறவர். இதை எந்தக் கோப்பில் சேர்ப்பது, சொல்லுங்கள்” என்றார்.